நிற்காத வலிப்பு: தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் என் வீடு. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் மூளை நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தேன். எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்போடு ஒருவர் உள்ளே கிடக்கும்போது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவருடைய வீட்டார் நாள்கணக்கில் நிற்பார்கள். மருத்துவர் வெளியே வரும் இரண்டு நிமிடத்தில் கேட்க முடியாததையெல்லாம் என்னிடம் கேட்பார்கள். கையில் மருந்துத் தட்டோடு நின்றுகொண்டு நான் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இப்போது முழுதாக எழுதுகிறேன். மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதவில்லை. ஆளுக்கும் எடைக்கும் ஏற்ப மருத்துவர்தான் அதைக் குறிக்க வேண்டும்.

எத்தனை நிமிடம் நீடித்தால் ஆபத்து?

பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். கைகால் விறைத்து உதறுகிற வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. இடையில் நினைவு திரும்பாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலும் அதே கணக்குதான். வலிப்பு நோய்க்கான உலக மருத்துவர் அமைப்பு 2015-இல் இதற்கு இரண்டு எல்லைகளை வகுத்தது. ஐந்தாவது நிமிடம், சிகிச்சை தொடங்கியே ஆகவேண்டிய எல்லை. முப்பதாவது நிமிடம், மூளைக்கு நிலையான சேதம் வரக்கூடிய எல்லை. நினைவு மங்கி, வாயை மென்றுகொண்டு, துணியைப் பிசைந்துகொண்டே இருக்கும் வகைக்கு இந்த எல்லைகள் பத்து நிமிடம், அறுபது நிமிடம் என்று சற்றுத் தள்ளிப் போகும்.

வலிப்பு தொடங்கியதும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். சில வீடுகளில் பத்து நிமிடம் போனதே தெரியாமலும் போயிருக்கிறது. "எப்போது தொடங்கியது?" என்பதுதான் அவசரப் பிரிவில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி.

அந்த ஐந்து நிமிடத்தில் வீட்டில் என்ன செய்வது?

ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் மடித்த துணி வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். அடுப்பு, கிணற்றடி, படிக்கட்டு பக்கத்தில் இருந்தால் அங்கிருந்து நகர்த்துங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கைபேசியில் அரை நிமிடம் காணொளி எடுத்தால் மருத்துவருக்கு மிகவும் உதவும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கையில் சாவிக் கொத்தைத் திணிப்பதில் பயன் இல்லை. சாவி கொடுத்தபின் வலிப்பு நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. அது நிற்கும் நேரம் வந்ததால் நின்றது. சாவி தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம். வாயில் கரண்டியோ விரலோ வைக்காதீர்கள். பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் வாய்வழியாக வேண்டாம்.

குழந்தைகளுக்கு 'ஜன்னி' என்று கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துப் பூசுகிற வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. கற்பூரமே வலிப்பை உண்டாக்கும் பொருள். வாயில் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். சிறு குழந்தையின் தோல் வழியாகவும் அது உடம்பில் சேரும். கற்பூரத்தைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.

மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே தந்திருக்கிறார்கள். மூச்சு நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தால் ஸ்ப்ரேயைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த குடும்பங்கள் ஏராளம். அதில் இருப்பது மிடாசோலம் என்ற மருந்து. மூச்சைச் சற்று மந்தமாக்கும் தன்மை அதற்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் நிற்காத வலிப்பு மூச்சை அதைவிட அதிகம் கெடுக்கும். 2001-இல் வெளிவந்த சான் பிரான்சிஸ்கோ ஆய்வு ஒன்றில், ஆம்புலன்ஸிலேயே இந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஊசி போடப்பட்டவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு மூச்சு, இரத்த ஓட்டச் சிக்கல் வந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போடப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் வந்தது. மருத்துவர் எழுதித் தந்த அளவை, அவர் சொன்ன நிமிடத்தில், தயங்காமல் கொடுங்கள். காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பாருங்கள்.

நேராகத் திருவனந்தபுரத்துக்கே கொண்டுபோய்விடலாமா?

இந்தக் கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் உண்டு: வலிப்பு நிற்காமல் காரில் ஏற்றி மாநில எல்லை தாண்டாதீர்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் நெரிசல் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருநெல்வேலிப் பக்கம் போவதும் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான். முப்பது நிமிடம் என்ற எல்லையை மறுபடி நினைத்துப் பாருங்கள்.

முதல் ஊசிக்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. 2012-இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஆம்புலன்ஸில் தசையில் போட்ட மிடாசோலம் ஊசி, நரம்பில், அதாவது இரத்தக்குழாயில், போட்ட லோராசிபாம் என்ற அதே குடும்பத்து ஊசிக்குச் சற்றும் குறையவில்லை. நரம்பு கிடைக்காமல் தேடும் நேரம் மிச்சமானதால் சற்றுக் கூடுதலான பேருக்கே வலிப்பு நின்றிருந்தது. குழித்துறை, பத்மநாபபுரம், குளச்சல் என்று பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையில் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால், மூச்சைக் கவனிக்கக்கூடிய ஆம்புலன்ஸில் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, நரம்பியல் நிபுணரும் வென்டிலேட்டரும் உள்ள வேறு இடத்துக்கோ போகலாம். எல்லாம் ஓரளவு அடங்கியபின், காரணம் தேடவும் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கவும் திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற இடம் நமக்கு அருகிலேயே இருப்பது பெரும் பேறு. 1995-லிருந்து அங்கே வலிப்புக்கான அறுவை சிகிச்சை நடக்கிறது.

"மருந்துக்குக் கட்டுப்படவில்லை" என்கிறார்கள். எங்கள் பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே மருந்து கேட்காத வலிப்புதான். அதுதானா இது?

ஒரே சொல்லை இரண்டு நிலைக்கும் பயன்படுத்துவதால் குடும்பங்கள் குழம்புகின்றன. பொருத்தமான இரண்டு வகை மாத்திரைகளைச் சரியான அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டும் அவ்வப்போது வலிப்பு வந்துகொண்டே இருப்பது நாள்பட்ட நிலை. வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அப்படி இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருப்பார்கள்.

இப்போது உள்ளே நடப்பது வேறு. தொடங்கிய வலிப்பு ஒன்று நிற்கவே இல்லை. முதல் ஊசியான லோராசிபாம் அல்லது மிடாசோலத்துக்கு அடங்கவில்லை. இரண்டாவதாகக் கொடுத்த லெவிடிராசிடாம், வால்புரோயேட், ஃபாஸ்ஃபெனிட்டாயின் இவற்றில் ஒன்றுக்கும் அடங்கவில்லை. அப்போதுதான் அது கட்டுப்படாத நிலை. மயக்க மருந்து தொடங்கி இருபத்துநான்கு மணி நேரம் கழிந்தும் தொடர்ந்தாலோ, மருந்தைக் குறைக்கும்போது திரும்பி வந்தாலோ, அதற்கும் அடுத்த கடும் நிலை என்பார்கள். வாழ்நாளில் ஒருமுறைகூட வலிப்பு வராதவருக்கும் இது நேரலாம்.

நல்ல மருந்தைக் கொடுக்கவில்லையோ? வேறு கம்பெனி மருந்து வாங்கித் தரட்டுமா?

வேண்டாம். மேலே சொன்ன மூன்று இரண்டாம்கட்ட மருந்துகளையும் 2019-இல் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். மூன்றுமே ஏறத்தாழ நூற்றில் நாற்பத்தைந்து முதல் நாற்பத்தேழு பேருக்குக் கேட்டன. எதைக் கொடுத்தாலும் பாதிப்பேருக்கு மேல் அடங்கவில்லை என்பதையும் இதிலேயே பார்க்கலாம்.

மருந்து ஏன் தோற்கிறது என்பதைக் கடற்கரைக் குடும்பங்களுக்கு நான் படகை வைத்துச் சொல்வேன். மூளைச் செல்லின் மேற்பரப்பில் அடக்கும் சமிக்ஞை வந்து சேரும் ஏற்பிகள் இருக்கின்றன. படகைக் கட்டும் குற்றிகள் மாதிரி. முதல் ஊசி போய்ப் பற்றிக்கொள்வது அந்தக் குற்றிகளைத்தான். வலிப்பு நீள நீளச் செல் அந்தக் குற்றிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கயிறு நல்ல கயிறுதான். கட்டக் குற்றி இல்லை. அதே நேரத்தில் தூண்டிவிடும் சமிக்ஞைக்கான வேறு ஏற்பிகள் மேலே கூடிவிடுகின்றன. ஐந்தாவது நிமிடத்தில் ஒரே ஊசிக்கு அடங்கியிருக்கக்கூடியது ஒரு மணி நேரத்துக்குப் பின் நான்கு மருந்துக்கும் அடங்காமல் போவது இதனால்தான். கெட்டமின் என்ற பழைய மயக்க மருந்து அந்தத் தூண்டும் ஏற்பிகளை அடைப்பதால், தாமதமான கட்டத்தில் அதைச் சேர்க்கிறார்கள்.

மயக்கத்தில் ஆழ்த்தி வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள். வலிப்பு நின்றபின்னும் ஏன் எழுப்பவில்லை?

மிடாசோலம், புரோபோஃபால், தையோபென்டால், கெட்டமின் இவற்றில் ஒன்றையோ இரண்டையோ நரம்பு வழியாகத் தொடர்ந்து ஏற்றி மூளையை ஓய்வில் வைக்கிறார்கள். அந்த ஆழத்தில் தானாக மூச்சு விட முடியாது; அதற்குத்தான் வென்டிலேட்டர். தலையில் ஒட்டிய கம்பிகள், மூளையின் மின்னலைகளைத் திரையில் காட்டும் இ.இ.ஜி. கருவிக்குப் போகின்றன. திரையில் வலிப்பலை இல்லாமல் பொதுவாக ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை வைத்திருந்து, பிறகு மெதுவாக மருந்தை இறக்குவார்கள். இறக்கும்போது வலிப்பு திரும்பினால் மறுபடி ஏற்றி, அடிப்படை மாத்திரைகளையும் கூட்டுவார்கள். "நேற்று நன்றாக இருக்கிறார் என்றீர்கள், இன்று மறுபடி மயக்கமா?" என்று ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த ஏற்ற இறக்கம் இரண்டு மூன்று முறை நடப்பது வழக்கமானதே.

மயக்க மருந்துகளுக்கும் விலை உண்டு. இரத்த அழுத்தம் இறங்கும், நுரையீரலில் கிருமி தொற்றும், குடல் மந்தமாகும். புரோபோஃபாலை அதிக அளவில் பல நாள் ஓட்டினால் இதயத்தையும் தசையையும் தாக்கும் அரிய சிக்கல் வரலாம். அதனால்தான் தினமும் இரத்தம் எடுக்கிறார்கள்.

கைகால் அசையவே இல்லை. ஆனால் "இன்னும் வலிப்பு ஓடுகிறது" என்கிறார்களே?

வெளியே உதறல் நின்றும் உள்ளே மின்புயல் ஓடிக்கொண்டிருக்கலாம். கண்ணிமை மட்டும் துடிக்கலாம். அதுவும் இல்லாமல் இருக்கலாம். உதறல் நின்று அரைமணி, ஒருமணி நேரம் ஆகியும் தெளிவு திரும்பாதவருக்கு இ.இ.ஜி. எடுத்தே தீரவேண்டும். "அசதியில் தூங்குகிறார்" என்று விட்டுவிடுவது ஆபத்து. நீங்களாகவே கேளுங்கள்: "இ.இ.ஜி. எப்போது எடுப்பீர்கள்?" அதைக் கேட்கக் குடும்பத்துக்கு எல்லா உரிமையும் உண்டு.

காரணம் தெரியவில்லை என்று ஏகப்பட்ட பரிசோதனை எழுதுகிறார்களே?

வலிப்பை அடக்குவது பாதி வேலை. அதை மூட்டிவிட்டது எது என்று தேடுவது மறுபாதி. மூளைக் காய்ச்சல், காசநோய், பக்கவாதம், தலைக்காயம், கட்டி, சர்க்கரையோ சோடியமோ இறங்குவது, நஞ்சு, குடியைத் திடீரென நிறுத்துவது, கர்ப்பகால இரத்த அழுத்தம் என்று பட்டியல் நீளும். இளம் வயதினருக்கு, சில நாள் காய்ச்சலுக்குப் பின் காரணமே இல்லாமல் வந்தால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் நோய்களைத் தேடுவார்கள். அவற்றில் முக்கியமான ஒன்று 2007-இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதற்குமுன் எத்தனை பெண்களைப் 'பேய் பிடித்தவள்' என்று கட்டிவைத்திருப்பார்களோ என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. சில பெண்களுக்குக் கருப்பையை அடுத்த சினைப்பையில் உள்ள கட்டி அதைத் தூண்டுகிறது என்பதால் வயிற்றையும் ஸ்கேன் செய்வார்கள். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் என்று அதற்குச் சிகிச்சை உண்டு. முதுகில் நீர் எடுப்பதற்குக் கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள். அதனால் கால் செயலிழக்கும் என்பது வீண் பயம்.

இதில் உங்கள் பங்கு பெரியது. மருத்துவரால் கண்டுபிடிக்க முடியாத சில விஷயங்கள் உங்களுக்கு மட்டுமே தெரியும். மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போனது? குடிப்பழக்கம் உண்டா, எப்போது நிறுத்தினார்? காசநோய் மாத்திரை சாப்பிடுகிறாரா? வயலுக்கோ ரப்பருக்கோ அடிக்கும் மருந்து வீட்டில் இருக்கிறதா? பெண் வீட்டார் அருகில் நிற்கிறார்கள் என்று ஓர் அப்பா மகனின் பழைய வலிப்பை இரண்டு நாள் மறைத்துவிட்டார். மாத்திரையை நிறுத்தியதுதான் காரணம் என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. தனியாகக் கூப்பிட்டாவது சொல்லுங்கள். சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். வால்புரோயேட் சாப்பிடுகிறவருக்கு மெரோபெனம் என்ற கிருமிக்கொல்லி ஊசி போட்டால் வால்புரோயேட்டின் அளவு இரத்தத்தில் சட்டென்று சரிந்துவிடும். இப்படிப்பட்டவற்றை அந்தப் பைதான் காட்டிக்கொடுக்கும்.

பிழைப்பாரா?

எல்லாரும் கடைசியில் கேட்பது இதுதான். எண்களைச் சொல்லிவிட்டு, எண்கள் சொல்லாததையும் சொல்கிறேன்.

நீடித்த வலிப்போடு வரும் பெரியவர்களில், எல்லா வகையையும் சேர்த்தால், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறக்கிறார். குழந்தைகளில் அது மிகக் குறைவு. நூற்றுக்கு மூவர் அளவு. மயக்க மருந்துக்கும் அடங்காத கடைசிக் கட்டத்துக்குப் போனவர்களைப் பற்றி உலகெங்கும் எழுதப்பட்டவற்றை 2012-இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இறந்தார்கள், மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஒரு குறையோடு மீண்டார்கள், மூன்றில் ஒரு பங்கினர் பழைய நிலைக்கே திரும்பினார்கள்.

இந்த மூன்றில் உங்கள் ஆள் எந்தப் பங்கு என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது காரணம். மாத்திரை விட்டுப்போனதால் வந்தது என்றால் நம்பிக்கை அதிகம். இதயம் நின்று, மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் வந்தது என்றால் மிகக் குறைவு. எதிர்ப்பு சக்தி மூளையைத் தாக்கும் அந்த நோயில், மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்களும் எழுந்திருக்கிறார்கள். பெரிய ஆய்வு ஒன்றில் இரண்டு ஆண்டு முடிவில் ஐந்தில் நால்வர் நன்றாகத் தேறியிருந்தார்கள். வயது அறுபத்தைந்தைத் தாண்டினால் அபாயம் கூடும். வரும்போதே ஆழ்ந்த மயக்கம் என்றாலும் கூடும். ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவரைவிட, முதன்முறையாக இப்படி வந்தவருக்கே பொதுவாக அபாயம் அதிகம். மூளையில் புதிதாக ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்பதற்கு அது அறிகுறி.

"பத்து நாள் ஆகிவிட்டது, இனி எதற்கு?" என்று உறவினர்கள் சொல்லத் தொடங்குவார்கள். நாள்கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: காரணம் தெரிந்ததா, அதற்குச் சிகிச்சை உண்டா, எம்.ஆர்.ஐ.யில் பரவலான சேதம் இருக்கிறதா? மூளை பெரிதும் அழிந்துவிட்டது, காரணத்துக்கும் சிகிச்சை இல்லை என்று மருத்துவக் குழு தெளிவாகச் சொன்னால், வேதனையில்லாமல் விடைகொடுப்பதும் அன்புதான். அப்படி முடிவெடுத்த குடும்பங்களோடு நான் அழுதிருக்கிறேன். அவர்களைக் குறைசொன்ன உறவினர்களிடம் கோபப்பட்டும் இருக்கிறேன்.

கீட்டோஜெனிக் உணவு என்கிறார்களே, நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயைக் கொடுத்தால் போதாதா?

போதாது. மாவுச்சத்தை ஏறக்குறைய நீக்கி, கொழுப்பைக் கிராம் கணக்கில் அளந்து, மூக்குக் குழாய் வழியாக உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் கொடுப்பது அது. குறிப்பாகக் குழந்தைகளுக்கு, எல்லாம் தோற்ற கட்டத்தில் பலன் கண்டதைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை கலந்த ஒரு சிரப் போதும், அதைக் கெடுத்துவிட.

செலவு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை முதல் நாளே காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள். எல்லை தாண்டிப் போவதானால், அந்த மருத்துவமனை திட்டத்தில் உண்டா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள்.

எழுந்துவிட்டார். ஆனால் ஆளே மாறிவிட்டார் என்று தோன்றுகிறது.

"மக்களே, என்னைத் தெரியுதா?" என்று கேட்டு, பதில் வராமல் ஒடிந்துபோன அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பல மயக்க மருந்துகள் உடம்பை விட்டு வெளியேற நாள்கள் பிடிக்கும், தையோபென்டால் குறிப்பாக. வாரக்கணக்கில் படுத்ததால் தசை கரைந்து கையைத் தூக்க முடியாமல் இருக்கும். அது பெரும்பாலும் உடற்பயிற்சி சிகிச்சையில் தேறும். புதிய நினைவுகள் பதியாமல் போவது, எரிச்சல், அழுகை ஆகியவை மாதக்கணக்கில் இருக்கலாம். கேட்டதையே கேட்டால் சலிக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வு தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரைகள் நெடுங்காலம் தொடரும்.

மறுபடி கடலுக்குப் போகலாமா? பால் வெட்டப் போகலாமா?

ரப்பர் பால் வெட்டு தரையில் நின்று செய்வது. துணைக்கு ஆள் இருந்தால், மருத்துவர் அனுமதித்தபின் யோசிக்கலாம். ஆனால் விடியலுக்கு முன் எழுந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது வலிப்பை வரவழைக்கும். இரவு சீக்கிரம் படுக்க வேண்டும். பனையும் தென்னையும் ஏறுவதை விட்டுவிடுங்கள். தூத்தூர்ப் பக்கத்துப் படகுகள் போல வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிற வேலை, ஐந்து நிமிடத்துக்குள் மருந்து வேண்டிய ஒருவருக்குப் பொருந்தாது. பிழைப்பு போகிறதே என்ற வலி எனக்குப் புரிகிறது. வலை பின்னல், ஏலக்கூடம், கரைவேலை என்று பங்குத்தந்தையிடமோ சங்கத்திலோ பேசிப் பாருங்கள். குளத்திலும் ஆற்றிலும் தனியாகக் குளிக்கவே வேண்டாம். வீட்டில் குளிக்கும்போதும் தாழ்ப்பாள் போட வேண்டாம்.

நேர்ச்சை, மந்திரித்தல், நாட்டு மருந்து?

மண்டைக்காட்டுக்கோ கோட்டாறு சவேரியார் கோயிலுக்கோ தக்கலை தர்காவுக்கோ நேர்ந்துகொள்ளுங்கள், நானும் நேர்ந்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லுகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் மறுபடி போகாதீர்கள். கொடை, திருவிழா நாள்களில் இரவு விழிப்பும் விரதமும் வேண்டாம். மருந்து வேளை தவறக் கூடாது.

திருமணம் பேசும்போது சொல்லித்தான் ஆக வேண்டுமா?

சொல்லுங்கள். மறைத்துச் செய்த கல்யாணத்தில் மாத்திரையும் மறைந்து போகிறது. புது வீட்டில் யாருக்கும் தெரியாமல் எடுக்க முடியாமல் நாலு நாள் விட்டு, ஐந்தாம் நாள் எங்களிடம் வந்த பெண்கள் உண்டு. வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன சொல்லை 1999-இல் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். வலிப்பு நோய் உள்ள பெண் தாயாக விரும்பினால் முன்கூட்டியே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வால்புரோயேட் கருவைப் பாதிக்கும். மாற்ற வேண்டியிருந்தால் அவர்தான் படிப்படியாக மாற்ற வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே தானாக நிறுத்தியவர்களைத்தான் நிற்காத வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டில் எப்போதும் தயாராக என்ன வைத்திருக்க வேண்டும்?

ஒரு தாள், ஒரு பை. தாளில் நோயின் பெயர், மாத்திரைகளின் பெயரும் வேளையும், ஒவ்வாத மருந்து, போனமுறை எந்த ஊசிக்கு வலிப்பு நின்றது, மருத்துவரின் எண். அதைப் படம் எடுத்து வீட்டில் எல்லாருடைய கைபேசியிலும் போட்டுவையுங்கள். பையில் ஸ்ப்ரே, ஒரு வாரத்து மாத்திரை, காப்பீட்டு அட்டை, கடைசி ஸ்கேன் அறிக்கை. பை எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்கும் தெரிந்திருக்கட்டும். பகலில் வீட்டில் பாட்டி மட்டும் இருந்தால் ஸ்ப்ரேயை எப்படி அடிப்பது என்று அவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.